மரவாத்துகளின் ஊர்

அமெரிக்காவில் வாழும் தமையனாரைக் காணச் சென்றபோது, மேரிலாந்து மாநிலத்து ஹாவர் டி கிரேஸ் நகருக்கும் போயிருந்தோம். சஸ்குவஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்குமிடம் அது. ரயில்வே குமாஸ்தாவாகிய நான் ரயில் பாலத்தையே நோக்கி நின்றேன்; தமையனார் 1986-இல் திறக்கப்பெற்ற மரவாத்துப் பொருட்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றார்.

வலசை வரும் காட்டுவாத்துகளை ஏய்த்து இறக்குதற்கு வேட்டைக்காரர் மிதக்கவிட்டவை அவை. கவிழாதிருக்க அடியில் ஈயம் பொருத்தினர். விற்பனைக்காக வேட்டையாடுவதை 1918-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இன்று அவை சேகரிப்போர் நாடும் செல்வம். எல்மர் குரோவல் செதுக்கிய இரு பறவைகள் 2007-இல் ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.

"பழைய வண்ணத்தின்மேல் புதிது பூசினால் மதிப்புப் போய்விடும்" என்றார் தமையனார். நான் தலைகுனிந்தேன். பாட்டியார் கைபட்டுக் கறுத்த மர அஞ்சறைப்பெட்டிக்குச் சென்ற பொங்கலில் பச்சை வண்ணம் பூசியவன் நானே! அன்பர்களே, இல்லத்துப் பழம்பொருளின்மேல் தூரிகை வைக்குமுன் சற்றே பொறுங்கள்.