இலையில்லாத மூன்றாவது நண்பன்

மை ஓவியத்தில் பைனும் மூங்கிலும் ஓரளவு கைக்கு அடங்கிவிட்டன. மெய் மரம் மட்டும் இன்றுவரை பிகு செய்கிறது. சீனர்கள் 'குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்' என்று சேர்த்துச் சொல்லும் மூவரில் அதுதான் மூன்றாவது. பிளம் என்கிறோம், உண்மையில் ஆப்ரிகாட்டுக்குத்தான் அது நெருங்கிய உறவு.

மற்ற இரண்டும் பனியிலும் பச்சை மாறாதவை. மெய் அப்படியல்ல, எல்லா இலையையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பிறகு, குளிர் முழுதும் விலகுமுன், ஒரு தளிர்கூட இல்லாத கொம்பில் பூக்கும். ஜப்பானில் இம்மூன்றுக்கும் 'ஷோ-சிகு-பாய்' என்று பெயர். அங்கே விலாங்குமீன் கடைகளில் சாப்பாட்டின் விலைத்தரத்துக்கும் பைன், மூங்கில், பிளம் என்றே பெயர் வைப்பார்கள்; பெரும்பாலும் பிளம்தான் மலிவு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மெய்யின் அடிமரத்தை வரையத் தூரிகையில் மை பாதி காய்ந்திருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்து, நின்று நின்று இழுத்தால் முடிகள் பிரிந்து தாளின் வெள்ளை இடையிடையே தெரியும். 'பறக்கும் வெள்ளை' என்பது அதுதான். பட்டையின் சொரசொரப்பு அதிலேயே வந்துவிடும். இளங்கொம்பு நேர்மாறு: ஒரே மூச்சில் மேலே போக வேண்டும். தயங்கிய இடத்தில் மை ஊறிப் புடைக்கும், அழிக்க வழியில்லை.

இதைவிடக் கடினம், இன்னும் வராத பூவுக்கு இடம் விடுவது. பூ உட்காரும் இடத்தில் கொம்பை முறித்துவிட்டு, தாண்டிப்போய்த் தொடர வேண்டும். ஆரம்பத்தில் மறந்துவிடுவேன், என் பூக்கள் எல்லாம் குச்சியில் குத்திய பூக்களாகவே இருந்தன.

நிலவொளியில் சாளரத்தில் விழுந்த மெய் நிழலைக் கண்டுதான் சோங் காலத்துத் துறவி சோங்ரென் மையால் வரையத் தொடங்கினார் என்பது மரபு. அவருக்குப் பின் வந்த யாங் வூஜியு இதழைக் கோட்டால் மட்டும் வளைத்தார். உள்ளே நிறமே இல்லை, தாள்தான் பூ. 1165இல் அவர் வரைந்த சுருள் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொட்டு விடுவதிலிருந்து உதிரத் தொடங்குவதுவரை நான்கு நிலைகள். எல்லாரும் மலர்ந்த பகுதியைப் பார்ப்பார்கள். நான் கடைசிப் பகுதியின் படத்தைத்தான் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

நேற்று ஏழு பூவுக்கு இடம் விட்டேன். ஐந்தோடு கை நின்றுவிட்டது. மிச்ச இரண்டு இடைவெளியையும் பார்ப்பவர்கள் பனி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று தூரிகையைக் கழுவப் போய்விட்டேன்.