நாலு எம்.எம். தகடு

கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடியிருந்தன. ஆயில் சேம்பரின் இடது ஓரத்தில் முன்னிருந்து பின்னாக நான்கைந்து. அதற்குப் பின்னால், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் ஒரு நசுங்கல். டிரான்ஸ்ஃபர் கேஸின் அடியில் பெயிண்ட் போய் வெறும் உலோகம் தெரிந்தது. டீசல் டேங்கில் காய்ந்த சேறு மட்டும்தான், அடி எதுவும் இல்லை. கோணிச்சாக்கில் மல்லாந்து படுத்திருந்த மேஸ்திரி டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனார். வெகுநேரம் பேசவில்லை.

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகும் சாலையோரம் அந்த வெல்டிங் பட்டறை. தகரக் கூரை, வாசலில் வேப்பமரம். கலப்பைக் கொழு, டிரெய்லர் கொக்கி, வீட்டு கேட், ஜன்னல் கிரில் என்று வேலை நடக்கும் இடம். அன்று நின்றிருந்தது 2020க்கு முந்தைய மஹிந்திரா தார். ஓட்டிவந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மலையிலிருந்து புளியும் சாமையும் வாங்கி இறக்குகிற வியாபாரம். கூட வந்த மகன் கையில் போன், அதில் ரெடிமேட் அலுமினியத் தகட்டின் படம்.

"எந்தப் பாதைப்பா?" மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"சித்தேரி மேலண்ணா. உள்ளார இருக்கற ஊருங்களுக்கும் போவணும்."

சித்தேரி ஊராட்சியின் அரசநத்தமும் கலசப்பாடியும் சாலைக்காக நெடுங்காலம் காத்துக்கிடந்த ஊர்கள். இதே தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் இருக்கும் கோட்டூர் மலைக்கு 2021, 2024 தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. அப்படிப்பட்ட பாதையில் ஒரு கல் சேம்பரைக் கிழித்துவிட்டால், எண்ணெய் மொத்தமும் கொட்டிப்போகும். கவனிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டினாலே என்ஜின் பிடித்துக்கொள்ளும். மலையில் நின்றுபோன வண்டியைக் கீழே கொண்டுவர இன்னொரு வண்டி ஏற வேண்டும். நகரத்துக் கடைகளில் ஸ்கிட் பிளேட் என்று அழகுக்காகவும் விற்கிறார்கள். இந்த வியாபாரிக்கு அது பிழைப்பைக் காக்கிற தகடு.

மகன் போனைக் காட்டினான். "இது எடை கம்மிண்ணா. துருவும் புடிக்காது."

மேஸ்திரி மறுக்கவில்லை. அவன் சொன்னது உண்மை. 60 செ.மீ.க்கு 75 செ.மீ. அளவுள்ள தகடு 4 எம்.எம். இரும்பில் 14 கிலோ வரும். அலுமினியத்தில் 6 எம்.எம். போட்டால்கூட 7 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆனால் அவர் பாறையின் பக்கமிருந்து பார்த்தார். அலுமினியம் மென்மையானது, கூரான கல் அதில் பள்ளம் பறித்துப் பிடித்துக்கொள்ளும். இரும்பு அதே கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். "மலைக்குப் போற வண்டி கல்லு மேல நிக்கக் கூடாது தம்பி, சறுக்கிட்டுப் போவணும்" என்றார். நெளிந்தால் இரும்பைச் சம்மட்டியால் நிமிர்த்தலாம். விரிசல் விட்டால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒட்டலாம். அலுமினியத்துக்கு ஆர்கன் வெல்டிங் தேடிப் போக வேண்டும். சரளைச் சாலையிலும் மணலிலும் ஓடும் வண்டிக்கு அலுமினியமே நல்லது என்பது என் எண்ணம். சித்தேரிக் கருங்கல்லுக்கு மேஸ்திரி சொன்னதுதான் சரி.

"ஆறு எம்.எம். போட்டா இன்னும் கெட்டியா இருக்கும்ல?" என்றார் தகப்பன்.

அப்படிப் போட்டால் ஒரே தகடு 21 கிலோ. முன் சஸ்பென்ஷன் தாழும், தாழ்ந்த வண்டி இன்னும் கூடுதலாக இடிக்கும். கனத்தைக் கூட்டுவதற்குப் பதில் ஓரங்களை மடித்தாலே தகட்டுக்கு விறைப்பு வந்துவிடும் என்று மேஸ்திரி கையை மடக்கிக் காட்டினார். பேச்சு அங்கேயே முடிந்தது.

வேலை அட்டையில் தொடங்கியது. பழைய டிவி பெட்டியின் அட்டையை வண்டிக்கு அடியில் பிடித்து, சேஸில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகள் எங்கே வருகின்றன, எண்ணெய் இறக்கும் போல்ட் எங்கே, சைலன்சர் குழாய் எங்கே வளைகிறது என்று பென்சிலால் குறித்தார். வெட்டினார், பொருத்திப் பார்த்தார், திரும்ப வெட்டினார். அட்டை சரியாக வரும்வரை இரும்பைத் தொடவே இல்லை. உதவிக்கு நின்ற பையன் பொறுமையில்லாமல் கிரைண்டரை எடுத்தபோது, "இருடா" என்ற ஒரே சொல்லில் அதைக் கீழே வைக்கச் செய்தார்.

மடிக்கும் மெஷின் அங்கே கிடையாது. மடிக்க வேண்டிய கோட்டில் கிரைண்டரால் பாதி ஆழத்துக்குக் கீறி, கேஸ் பர்னரால் பழுக்கவைத்து, வைஸில் கவ்வி, குழாயை நெம்புகோலாக்கி இருவரும் சேர்ந்து வளைத்தார்கள். கீறின தடத்தை நிரப்பி வெல்டிங் ஓடியது. முன்பக்கம் சரிந்து மேலேறும்படி ஒரு மடிப்பு. பின் விளிம்பிலும் சின்னதாக ஒரு தூக்கல் கொடுத்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த விளிம்புதான் மண்ணைக் குத்தும் என்பதை எல்லோரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டாவது தகடு. இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் ஜீப்பிலேயே அந்த இடத்தில் தொழிற்சாலை ஒரு தகடு வைத்துத்தான் அனுப்பியது. மஹிந்திரா 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய ஜீப்பும் வில்லிஸ் வழி வந்ததுதான். மேஸ்திரிக்கு இந்தச் சரித்திரம் தேவைப்படவில்லை, நசுங்கியிருந்த குறுக்குச் சட்டம் போதுமானதாக இருந்தது. முன் தகட்டின் பின்விளிம்பு கீழேயும் அடுத்த தகட்டின் முன்விளிம்பு அதற்கு மேலேயுமாக, கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கினார். முன்னே போகும்போது மாட்டிக்கொள்ள எந்த விளிம்பும் கல்லுக்குக் கிடைக்காது.

பொருத்துவதில்தான் அவர் அதிகக் கண்டிப்பு காட்டினார். சேஸில் வெல்டிங் வைத்துவிடலாமா என்று பையன் கேட்டதற்கு, கூடாது என்று தலையை ஆட்டினார். சூடு பட்ட இடத்தில் சேஸ் பலவீனமாகும், பிறகு குலுங்கிக் குலுங்கி அங்கேயே விரிசல் விடும். கியர் பாக்ஸிலோ என்ஜினிலோ தகட்டை மாட்டவும் கூடாது. அவை ரப்பர் தாங்கிகளில் அசைகிறவை, கல் இடிக்கும் அடி நேராக அவற்றுக்கே போய்விடும். எனவே சேஸின் பழைய ஓட்டைகளில் பிராக்கெட், பிராக்கெட்டில் தகடு. பிராக்கெட்டை வண்டியில் வைத்து ஒரு புள்ளி வெல்டிங் அடிக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார், கம்ப்யூட்டர் பெட்டி உள்ள என்ஜின் என்பதால்.

போல்ட் தலைகள் வெளியே துருத்தியிருந்தால் பாறை அவற்றைத் தேய்த்து மழுக்கிவிடும், பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. கனமான பைப்பில் வளையங்கள் அறுத்து, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒட்டினார். போல்ட் தலை வளையத்துக்குள் அடங்கிவிட்டது, 17ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பானர் நுழையும் அளவுக்கு இடமும் இருந்தது. விலையுயர்ந்த தகடுகளில் குழி பறித்துச் செய்வதை ஒரு துண்டுப் பைப்பில் முடித்துவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

எண்ணெய் இறக்க ஓர் ஓட்டை, காற்றுக்கும் கழுவும் தண்ணீருக்கும் நீளத் துளைகள். சைலன்சர் அருகே தகட்டை அரை வட்டமாக அறுத்து விலக்கினார். "வெயில் காலத்துல காஞ்ச புல்லு உள்ள மாட்டிக்கும். சைலன்சர் சூட்டுக்குப் பத்திக்கும். கையை விட்டு இழுத்துப் போட்டுட்டு ஏறு" என்று தகப்பனிடம் சொன்னார். சேற்றையும் விடக் கூடாதாம். அது ஈரத்தைப் பிடித்துவைத்து சேஸை மேலிருந்து அரிக்கும்.

ரெட் ஆக்சைடு காய்ந்ததும் தகடு ஏறியது. சேம்பருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். இடி வாங்கித் தகடு உள்வாங்கினாலும் சேம்பரைத் தொடாமலிருக்க அந்த இடைவெளி. அதற்குமேல் விட்டால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள உயரம் வீணாகும். 2020இல் வந்த புதிய தாருக்கே அந்த உயரம் 226 மி.மீ.தான், அதில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மலையில் விலை உண்டு.

"முன்னாடி கம்பி பம்பரும் போட்டுடுங்கண்ணா" என்றான் மகன்.

"அது மாட்டேன்." 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அவ்வகைக் கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்துபோகிறவர் மேல் பட்டால் எலும்பு நொறுங்கும். மேஸ்திரி காரணம் எதையும் விளக்கவில்லை, கையைத் துடைத்துக்கொண்டார்.

"டேங்குக்கு ஒண்ணு?" தகப்பன் கேட்டார்.

"அங்க அடியே படலையே. எதுக்கு எடையை ஏத்தற?"

தகட்டைத் தராசில் வைத்த எடைக்கும் கூலிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு, டப்பாவிலிருந்து நான்கு போல்ட்டையும் வாஷரையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ரெண்டு நடை போய்வந்ததும் எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பார்க்க வேண்டும், எது தளர்ந்திருந்தது என்று தன்னிடம் வந்து சொல்லவும் வேண்டும் என்றார். மகன் அதைப் போனில் குறித்துக்கொண்டான். வண்டி அரூர் பக்கம் திரும்பியது. உள்ளே பையன் அடுத்த வேலைக்கு டிரெய்லர் கொக்கியை எடுத்து வைஸில் கவ்விக்கொண்டிருந்தான்.