தேன் ஊற்றியும் இறங்கலை... கடுகு தாளித்ததும் காலி! - கிரீக் யோகர்ட்டும் அம்மாவின் போன் காலும்

இரவு 11.30 மணி. ஷிஃப்ட் முடிந்து வந்து ஃபிரிட்ஜைத் திறக்கிறேன். ஒரு பக்கம் ரூம்மேட் வாங்கி வைத்த பிரியாணிப் பொட்டலம். இன்னொரு பக்கம் நான் வாங்கி வைத்த மூன்று டப்பா பிளெய்ன் கிரீக் யோகர்ட். மனசு எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் வைராக்கியமாக டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். கெட்டியான புளிப்பு. நாக்கில் மாவு மாதிரி அப்பிக்கொண்டது. இரண்டாவது ஸ்பூனுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஸ்பூனை எடுக்கவே இல்லை. மூடி போட்டு உள்ளே வைத்துவிட்டு, ரூம்மேட்டிடம் "ரெண்டு வாய் தர்றியா?" என்று கேட்டேன். இரண்டு வாய் அரை பிளேட் ஆனது தனிக்கதை.

இந்தத் தயிரோடு நான் ஏன் மல்லுக்கட்டினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அந்த 5.9

ஆபீஸில் ஆண்டுக்கு ஒருமுறை மெடிக்கல் செக்கப் வைப்பார்கள். அதில் என்னுடைய ஹெச்.பி.ஏ.1.சி 5.9 என்று வந்தது. மூன்று மாத சராசரி சர்க்கரை அளவைச் சொல்லும் டெஸ்ட் அது. 5.7-க்குக் கீழே இருந்தால் நார்மல். 5.7-லிருந்து 6.4 வரை ப்ரீடயாபட்டீஸ். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். எனக்கு வயது 26. கூட வேலை பார்ப்பவர்கள், "இதெல்லாம் இப்போ எல்லாருக்கும் இருக்கு, விடு" என்றார்கள்.

என்னால் விட முடியவில்லை. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடங்களாகச் சர்க்கரை. போன வருடம் கால் விரலில் வந்த சின்னப் புண் ஆறாமல் இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர் யோசித்த அந்த ஒரு ராத்திரி, வராண்டா பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரல் தப்பித்தது. அந்த ராத்திரி மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை.

அதனால் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். கும்பகோணத்தில் இருக்கும் அம்மா, அப்பாவிடம் சொல்லவில்லை. டயட்டீஷியனைப் பார்த்தேன். "நைட்டு பதினோரு மணிக்கு மேல புரோட்டா, ஃப்ரைடு ரைஸ் வேண்டாம். பசிச்சா புரதம் இருக்கிறதா கொஞ்சமா எடுத்துக்கோங்க. முட்டை, சுண்டல், சர்க்கரை சேர்க்காத கிரீக் யோகர்ட்... இப்படி" என்றார். பட்டியலில் இருந்ததிலேயே சமைக்க வேண்டாதது கிரீக் யோகர்ட்தான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

அது என்ன கிரீக்?

வேறொன்றும் இல்லை. தயிரில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டால் மிஞ்சும் கெட்டித் தயிர்தான். தண்ணீரோடு பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸும் கொஞ்சம் போய்விடும். புரதம் பெரும்பாலும் தங்கிவிடும். நம் சாதாரணத் தயிரில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் புரதம் என்றால், கிரீக் யோகர்ட்டில் 9, 10 கிராம் வரை இருக்கும். அதனால்தான் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது.

மகாராஷ்டிராவில் ஸ்ரீகண்ட் செய்வதற்காகத் துணியில் கட்டித் தொங்கவிடும் 'சக்கா'வும், லெபனான் பக்கம் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் 'லப்னே'வும் இதற்குச் சொந்தக்காரர்கள்தாம். ஆனால் பெயரை கிரீஸ் தட்டிக்கொண்டு போய்விட்டது. பிரிட்டனில் இந்தப் பெயருக்காகக் கோர்ட் வரை போய், கிரீஸில் தயாரானதை மட்டுமே 'கிரீக் யோகர்ட்' என்று விற்கலாம் என்று 2014-ல் அப்பீல் கோர்ட்டும் உறுதி செய்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

முதல் வாரம்: தேனில் விழுந்தேன்

ரீல்ஸ் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கண்ணாடிக் கிண்ணத்தில் யோகர்ட், மேலே வாழைப்பழத் துண்டுகள், ஒரு கைப்பிடி கிரனோலா, இரண்டு டேபிள்ஸ்பூன் தேன். பார்க்க அவ்வளவு அழகு. ருசியும் பிரமாதம். ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு, ஸ்டேட்டஸும் வைத்தேன்.

எட்டாம் நாள் ஏதோ ஒரு கட்டுரைக்காகக் கலோரிக் கணக்குப் போட வேண்டி வந்தது. சும்மா என் கிண்ணத்துக்கும் போட்டுப் பார்த்தேன். யோகர்ட் 100 கலோரி. தேன் மட்டுமே 120. வாழைப்பழம், கிரனோலா சேர்த்தால் மேலே போட்டது மட்டும் 300-ஐத் தாண்டியது! இரண்டு ஸ்பூன் தேனில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. தேன் இயற்கைதானே என்று நினைத்தேன். ஆனால், உலக சுகாதார நிறுவனம் தேனையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது அவர்கள் ஆலோசனை. நான் ஒரே கிண்ணத்தில் அதைத் தாண்டிவிட்டேன்.

சரி, ஸ்ட்ராபெர்ரி, மாம்பழ ஃபிளேவர் டப்பாக்களை வாங்கலாம் என்று போனால் அங்கேயும் அதே கதை. நீங்கள் வாங்கும்போது டப்பாவைத் திருப்பி இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, 'ஆடட் சுகர்' என்ற வரி. அதில் 4 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்று அர்த்தம். அதற்கு மேலே இருக்கும் 'டோட்டல் சுகர்' கணக்கில் பாலின் சொந்தச் சர்க்கரையும் சேர்ந்திருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு, சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். பாலுக்கு அடுத்த இடத்திலேயே சர்க்கரை இருந்தால், அது இனிப்புப் பலகாரக் கணக்கு.

"இஞ்சி இருக்கா?"

தேனை நிறுத்தினேன். மறுபடியும் அந்த வெறும் புளிப்பு. மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நான்காம் நாள் ராத்திரி சாப்பாட்டு டெலிவரி ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா போன் செய்தார்.

"சாப்டியாடி?"

"இல்லம்மா. வெறும் தயிர்தான் இருக்கு. அதை எப்படித்தான் திங்கிறதோ தெரியலை."

"சோறு எங்க?"

"டயட்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "ரத்தம் டெஸ்ட் எடுத்தியா?" என்றார்.

பன்னிரண்டு வருடம் ஒரு சர்க்கரை நோயாளிக்குச் சமைத்துப் போட்டவரிடம் எதை மறைக்க? "5.9ம்மா" என்றேன். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன்.

"வீட்ல இஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கேரட்டும் இருந்தது. ஸ்பீக்கரில் போனைப் போட்டு அடுப்பு மேடையில் வைத்தேன். அம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். அந்த நடுராத்திரியில் சமையலறையில் கடுகு வெடித்த சத்தம் கேட்டு ரூம்மேட் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். டப்பா ஐந்தே நிமிடத்தில் காலி.

எனக்கு உறைத்தது இதுதான். நான் யோகர்ட்டை ஐஸ்க்ரீமுக்குப் பதிலாக நினைத்து ஏமாந்துகொண்டிருந்தேன். என் நாக்குக்கு அது தயிர். தயிர் என்றால் உப்பு, காரம், தாளிப்பு, தொட்டுக்க ஊறுகாய். கிரீஸிலேயேகூட தேனும் வால்நட்டும் போட்டுச் சாப்பிடுவதுபோல, வெள்ளரிக்காயும் பூண்டும் போட்ட 'ஸாட்ஸிகி'யும் பிரபலம். நம் வெள்ளரிப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும்!

என் ஃபிரிட்ஜ் மெனு

எல்லாமே 100 கிராம் யோகர்ட் கணக்கு.

அம்மாவின் தாளிச்ச தயிர்: யோகர்ட்டில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். துருவிய கேரட், பொடியாக நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை உப்பு. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, சூடு ஆறிய பிறகு கொட்டிக் கலக்குங்கள். எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றுவது முக்கியம். ஒரு டீஸ்பூனே 40 கலோரி.

ஸாட்ஸிகி: வெள்ளரியைத் துருவி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, ஒட்டப் பிழிந்துவிடுங்கள். பிழியாவிட்டால் நீர்த்துவிடும். தட்டிய பூண்டு ஒரு பல், புதினா, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் ஆலிவ் ஆயில். சுண்டலுக்கும் வேகவைத்த முட்டைக்கும் தொட்டுக்கொள்ள அருமை.

பொடி யோகர்ட்: சோம்பேறிகளுக்கானது. மேலே ஒரு டீஸ்பூன் இட்லிப் பொடி அல்லது பருப்புப் பொடி தூவினால் முடிந்தது. பொடியிலேயே உப்பு இருக்கும், தனியாகப் போடாதீர்கள்.

சட்னி யோகர்ட்: மீந்துபோன கொத்தமல்லி, புதினா சட்னி ஒரு ஸ்பூன் கலந்தால் போதும். சப்பாத்தி ரோலுக்குள் மயோனைஸுக்குப் பதிலாகத் தடவலாம்.

நெல்லிக்காய் யோகர்ட்: ஒரு பெரிய நெல்லிக்காய், பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் தேங்காய் சேர்த்து அரைத்துக் கலக்குங்கள். புளிப்போடு புளிப்பு சேருமா என்று சந்தேகப்பட்டேன். சேர்கிறது!

இனிப்பு கேட்கும் நாளுக்கு: மாதுளை முத்துகளோ பப்பாளித் துண்டுகளோ ஒரு கைப்பிடி, ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை, வறுத்த வேர்க்கடலை பத்து. தேன் வேண்டாம். ஏலக்காய் வாசனைக்கே நாக்கு பாதி ஏமாந்துவிடும்.

மாதக் கடைசியில் டப்பா கட்டுப்படியாகாதபோது நானே வடித்துக்கொள்கிறேன். அரை கிலோ கெட்டித் தயிரைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க விட்டால் பாதியாகச் சுருங்கிவிடும். வெளியே தொங்கவிட்டால் நம்மூர் வெயிலுக்குப் புளித்துவிடும். கடை டப்பா அளவுக்குப் புரதம் இருக்காது, ஆனால் வெறும் தயிரைவிட அதிகம். வடிந்த தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், உப்பும் பெருங்காயமும் போட்டு மோர் மாதிரி குடிக்கலாம்.

ஒரு விஷயம். சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் புரதத்தையும், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் பொடி, ஊறுகாய் உப்பையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கிண்ணம்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி அப்பாவுக்குத் தயிர் சாதம் இல்லாமல் ஆகாது. மூன்று கரண்டி சாதம், மேலே தயிர். டாக்டர் எத்தனையோ முறை சொல்லியும் குறைந்ததே இல்லை. அம்மாவும் அதற்காக வருடக்கணக்கில் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டார்.

அன்றைக்கு நான் எனக்காகத் தாளித்து வைத்திருந்த கிண்ணத்தை அப்பா எட்டிப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் வைத்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா சோறு போட மறந்துட்டியே!" என்றார்.

"மறக்கலைப்பா. எனக்கும் பார்டர்ல இருக்கு" என்றேன். அம்மா அதுவரை அவரிடம் சொல்லவில்லை போல. அப்பா என் முகத்தையே பார்த்தார். எதுவும் பேசவில்லை. தட்டில் இருந்த சாதத்தில் ஒரு கரண்டியை எடுத்துப் பாத்திரத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டு, என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து நான் எடுத்த டெஸ்ட்டில் 5.7. இன்னும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறேன். இதைத் தயிர் மட்டும் செய்துவிடவில்லை. ராத்திரி புரோட்டாவை விட்டது, தினமும் அரை மணி நேரம் நடந்தது எல்லாம் சேர்ந்துதான். ஆனால் பதினோரு மணிப் பசியில் ஆப்பைத் திறக்காமல் காப்பாற்றியது அந்தக் கிண்ணம்தான்.

நேற்று ராத்திரி அம்மா போனில் சொன்னார்: "உங்கப்பா இப்பல்லாம் ரெண்டு கரண்டியோட நிறுத்திக்கிறார்டி. 'எம் பொண்ணு சாப்பிடுறது மாதிரி தாளிச்சுக் குடு'ன்னு கேக்குறார். இன்னிக்கு இஞ்சி தீந்துபோச்சு, அதுக்கு ஒரே சண்டை!"