நம் ஊர் மரியோ ஏன் மெதுவாக ஓடினான்?

அக்கா மகன் தன் நிண்டெண்டோ ஸ்விட்சில் பழைய சூப்பர் மரியோ பிரதர்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். மெட்டு நான் கேட்டு வளர்ந்ததுதான். ஆனால் மூச்சு விடாமல் ஓடியது. "ஸ்பீடைக் கூட்டி வச்சிருக்கியாடா?" என்றேன். "இல்ல மாமா, இது எப்பவுமே இப்படித்தான்" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொண்ணூறுகளின் மே மாத விடுமுறைகளை முழுக்க அந்தப் பாட்டோடு கழித்தவன் நான். வேகம் காதிலேயே இருக்கிறது.

பரணில் எங்கள் பழைய டிவி கேம் கிடந்தது. மஞ்சளேறிய பெட்டி, பிரிக்க முடியாத இரண்டு ஜாய்ஸ்டிக்குகள், '9999 இன் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேசட். புது எல்.இ.டி. டிவியில் படம் வர மறுத்தது. தெருமுனை மெக்கானிக் கடையில் தூசி மண்டிக் கிடந்த பெட்டி டிவி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கேசட்டை எடுத்து, ஊதி, செருகி (ஊதக் கூடாது, எச்சில் ஈரத்தில் பின்கள் களிம்பேறும் என்பதெல்லாம் தெரியும், கை கேட்கவில்லை), ஆன் செய்ததும் அதே பாட்டு, என் வேகத்தில்.

காதை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஒரு சோதனை செய்தேன். முதல் கட்டம் தொடங்கும்போது மேலே வலது மூலையில் 400 என்று ஓர் எண் வந்து இறங்கத் தொடங்கும். மரியோவை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு, 400 எப்போது 300 ஆகிறது என்று போன் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். ஸ்விட்சில் 40 வினாடி. நம் பெட்டியில் 48.

40க்கு 48 என்றால் வேகம் ஆறில் ஐந்து பங்கு. இந்த விகிதத்தைப் பார்த்ததும் பழைய டிவி மெக்கானிக்குகளுக்கு விடை தெரிந்துவிடும். ஜப்பான் டிவி வினாடிக்கு 60 முறை திரையை வரையும். நம்முடையது 50 முறை. இந்தியாவுக்கு 1982இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது பால் (PAL) முறையில். ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள், ஒருமுறைக்குப் பாதியாக, வினாடிக்கு 50 முறை. நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். மரியோவுக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. திரை ஒருமுறை வரையப்பட்டால் ஆட்டம் ஒரு அடி நகரும்; மூலையில் ஓர் எண் குறைய 24 முறை வரைய வேண்டும். பாட்டும் அதே கணக்கில்தான் நகர்கிறது. கோஜி கொண்டோ 60க்கு எழுதிய மெட்டை நாங்கள் 50இல் கேட்டிருக்கிறோம்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு சந்தேகம் வந்தது. 1983 ஜூலையில் ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்த நிண்டெண்டோவின் அசல் ஃபேமிகாம், மசாயுகி உயேமுரா குழுவின் வடிவமைப்பு, 60க்காகவே செய்யப்பட்டது. அதைக் காப்பியடித்து எங்கள் பெட்டியைச் செய்தவர்கள் அப்படியே அடித்திருந்தால் நம் டிவியில் படம் ஒழுங்காக நின்றிருக்காது. அப்படியானால் நடுவில் யாரோ உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள். யார்?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஆறடி இடத்தில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தவர் திருகுகளைக் கழற்றி, போர்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அதிர்ஷ்டம் சார், ஐசி போட்ட போர்டு. பின்னாடி வந்ததுல எல்லாம் கறுப்புப் பொட்டுதான். அது போச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். கறுப்புப் பொட்டு என்பது சில்லைப் போர்டின் மேலேயே ஒட்டி, எபாக்சி பசையை ஊற்றி மூடிவிடுவது. எந்த எண்ணும் தெரியாது. என் போர்டில் நாற்பது கால் ஐசிகள் இரண்டு அருகருகே இருந்தன. பிரஷ்ஷில் தின்னரைத் தொட்டுத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது: யூஏ6527பி, யூஏ6538. தைவானின் யூஎம்சி நிறுவனத்தின் சரக்கு. 1980இல் அரசு ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து பிரிந்து வந்து, சில்லு உற்பத்தியில் உலகப் பெயர் வாங்கிய அதே யூஎம்சி.

தைவானிலும் டிவி 60தான். இந்த 50 கணக்குச் சில்லு அவர்கள் சொந்த வீட்டுக்கு உதவாது. சீனா, ரஷ்யா, இந்தியா போன்ற வெளிச்சந்தைக்காகவே உட்கார்ந்து போட்ட வடிவம். அதில் காட்டியிருக்கும் கவனத்தைப் பார்த்தால் காப்பி என்று உதறிவிட மனம் வரவில்லை.

சிக்கல் இதுதான். ஜப்பான் கணக்கில் திரை ஒருமுறை வரைய 262 வரிகள். நம் கணக்கில் 312. கூடுதலாக 50 வரிகள். ஆட்டங்களை எழுதியவர்களோ ஒரு வரி வரையும் நேரத்தில் எத்தனை கட்டளைகள் ஓடும் என்று எண்ணி வைத்து எழுதியவர்கள். ஐரோப்பாவுக்காக நிண்டெண்டோவே இறக்கிய இயந்திரத்தில் இந்தக் கணக்கு மாறியது. மூளைச் சில்லின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்கு இறங்கியது, அங்கே மரியோவைத் திருத்தித்தான் வெளியிட்டார்கள். தைவான்காரர்களுக்கு அந்த வழி கிடையாது. ஆட்டம் அவர்களுடையது அல்லவே, யாரைப் போய்த் திருத்தச் சொல்வது? அதனால் சில்லின் வேகத்தை 1.77இல் நிறுத்தி, வரிக்கு இத்தனை கட்டளை என்ற கணக்கை அப்படியே காப்பாற்றினார்கள். மிச்ச 50 வரிகளைப் படம் முடிந்த பிறகு, 'இனி அடுத்த படம்' என்ற சமிக்ஞை வருவதற்கு முன்னால் செருகினார்கள். அந்த இடைவெளி ஆட்டத்துக்குத் தெரியவே தெரியாது. ஜப்பான் கேசட் ஒரு எழுத்துகூட மாறாமல் நம் டிவியில் ஓடியது. ஆறில் ஒரு பங்கு வேகம் மட்டும்தான் விலை.

இந்த ஏற்பாட்டுக்கு எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்) எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் டெண்டி. 1992இல் ஸ்டீப்ளர் என்ற ரஷ்ய நிறுவனம் தைவான் பெட்டிக்கு யானைப் பொம்மை ஒட்டி விற்ற பெயர் அது. பர்மா பஜாரில் வாங்கி வந்து நாங்கள் ஆடியது மாஸ்கோ பிள்ளைகள் ஆடிய அதே வேகத்தில்.

அந்த 9999 கணக்கையும் பார்த்துவிட்டேன். கேசட்டில் உண்மையில் இருப்பவை கைவிரலுக்குள் அடங்கும் ஆட்டங்கள். மரியோ மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படத்துக்குக்கூட இது போதாது. மரியோவையே ஐந்தாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் ஒரு பெயர், எட்டிலிருந்து தொடங்கினால் வேறு பெயர், அப்படியே பட்டியல் நீளும். முதல் பக்கத்தைத் தாண்டி நாங்கள் யாரும் போனதில்லை என்பது வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது.

நேரக் கணக்கில் இவ்வளவு நுணுக்கம் காட்டியவர்கள் ஒலியில் கோட்டை விட்டார்கள். மெட்டு வாசிக்கும் அலைக்கு அசல் சில்லில் நான்கு வடிவங்கள் உண்டு. பல நகல் சில்லுகளில் அவற்றில் இரண்டு, அலை ஒரு சுற்றில் 25 சதவீத நேரம் உயர்ந்து நிற்பதும் 50 சதவீத நேரம் நிற்பதும், ஒன்றுக்கொன்று இடம் மாறிக் கிடக்கின்றன. ஸ்வரம் மாறாது, குரல் மாறும்: மூக்கால் பாட வேண்டிய இடத்தில் மொத்தையாக, மொத்தையாக இருக்க வேண்டிய இடத்தில் மூக்கால். என் பெட்டியிலும் இதே கதைதான். எஃப்சிஇயூஎக்ஸ் எமுலேட்டரில் டெண்டி வேகத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருப்பதுபோல, இந்தப் பிழையை வேண்டுமென்றே வரவழைக்கவும் ஒரு டிக் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் போட்டுவிட்டுத்தான் இப்போது ஆடுகிறேன்.