புல்லட்டுக்கு எந்த ஊர்?

திருவொற்றியூர் என்றதும் உங்களுக்கு வடிவுடையம்மன் ஞாபகம் வரும். எனக்கு 'டப்... டப்... டப்'!

எங்கள் ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் ஒரு பழைய புல்லட் வைத்திருக்கிறார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். "இங்கிலீஷ்காரன் வண்டி சார்!" என்று தினம் ஒரு தரமாவது பீற்றிக்கொள்ளாவிட்டால் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. ஒரு சனிக்கிழமை அவரை மெட்ரோவில் தள்ளிக்கொண்டு போனேன். (2021 முதல் விம்கோ நகர் வரை ரயில். அதற்கு முன் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் போனவர்கள் புண்ணியவான்கள்.)

"அண்ணே, என்ஃபீல்டு ஃபேக்டரி..?" என்றேன் டீக்கடையில்.

"புல்லட் கம்பெனின்னு கேளுங்க தம்பி. சின்னப் பையன்கூட வழி காட்டுவான்!"

கதை ஃபேக்டரியில் ஆரம்பிக்கவில்லை, கடையில். கே.ஆர். சுந்தரம் அய்யரின் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' பிரிட்டிஷ் பைக்குகளை இறக்குமதி செய்து விற்றது. நார்ட்டன், மேட்ச்லெஸ், 1949ல் ராயல் என்ஃபீல்டு. ஏஜென்ஸி பிழைப்பு தெரியுமல்லவா? அங்கே வண்டி அனுப்புவதை நிறுத்தினால் இங்கே போர்டைக் கழற்ற வேண்டியதுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லை ரோந்துக்கு நூற்றுக்கணக்கில் புல்லட் கேட்டது. எத்தனை நாள் கப்பலுக்குக் காத்திருப்பது? 1955ல் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' பிறந்தது, திருவொற்றியூரில் ஆலை. இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வரும், இங்கே பூட்டுவார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டிகள். அடுத்த சில வருஷங்களில் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். விற்கத் தெரிந்த கடைக்காரருக்கு அதுதான் பெரிய துணிச்சல் என்பேன்.

1967ல் ரெட்டிச் ஆலை மூடியது. 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. திருவொற்றியூர் மட்டும் நிற்கவில்லை. இதைச் சொன்னதும் நம்மவர் டீக்காசை அவரே கொடுத்தார்!

1977ல் இன்னும் வேடிக்கை. இங்கிலாந்துக்காரர்கள் நம்மிடமிருந்து 350 சி.சி. புல்லட்டை இறக்குமதி செய்ய ஆரம்பித்தார்கள். ஏஜென்ஸி இப்போது அவர்கள் பக்கம்!

பிற்பாடு வியாபாரம் படுத்தது. 1994ல் ஐஷர் கம்பெனியை வாங்கியது. பெயரில் 'இந்தியா' இறங்கி, 'ராயல்' ஏறிக்கொண்டது.