15 டாலருக்கு ஒரு செங்கல்... ஊரே சேர்ந்து கட்டிய முற்றம்!

போர்ட்லேண்ட் நகரின் நடுவில் இருக்கும் சதுக்கத்துக்குப் போனால், முதலில் தரையைப் பாருங்கள். எங்கும் செங்கல். அவற்றில் ஆயிரக்கணக்கான பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை அரசர்களின் பெயர்களோ, அமைச்சர்களின் பெயர்களோ அல்ல. சாதாரண ஊர்க்காரர்களின் பெயர்கள்!

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் இருக்கும் இந்த இடத்தின் பெயர், பயோனியர் கோர்ட்ஹவுஸ் ஸ்கொயர். 'ஊரின் கூடம்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். 200 அடிக்கு 200 அடி. ஒரு ஏக்கர்கூட இல்லாத இந்த நிலத்துக்காக ஒரு பெரிய போராட்டமே நடந்திருக்கிறது.

1890-ல் இங்கே 'போர்ட்லேண்ட் ஹோட்டல்' திறக்கப்பட்டது. 1951-ல் அதை இடித்துவிட்டு கார் பார்க்கிங் ஆக்கினார்கள். 1960-களின் இறுதியில், அதே இடத்தில் பல மாடி பார்க்கிங் கட்டும் திட்டம் வந்தது. மக்கள் எதிர்க்க, நகரத் திட்டக் குழுவும் அனுமதி மறுத்தது. 1972-ல் தயாரான நகர மையத் திட்டம், அங்கே பொதுச் சதுக்கம் வேண்டும் என்றது.

1980-ல் வடிவமைப்புப் போட்டி நடந்தது. வந்தவை 162. கட்டடக் கலைஞர் வில்லார்ட் மார்ட்டின் குழு வென்றது. அந்தக் குழுவில் ஒரு சிற்பி, ஒரு வரலாற்று ஆசிரியர், ஓர் எழுத்தாளரும் இருந்தார்கள்.

அதன் பிறகுதான் சிக்கலே! திறந்தவெளியாக விட்டால் வீடில்லாதவர்கள் வந்து தங்கிவிடுவார்கள் என்று வணிகர்கள் சிலர் பயந்தார்கள். கூரை போட்டு மூடிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. மேயர் ஃப்ராங்க் ஐவன்ஸியும் அந்த வடிவமைப்பை எதிர்த்தார். திட்டம் கிட்டத்தட்ட நின்றேபோனது.

அப்போதுதான் ஆதரவாளர்கள் செங்கல் விற்கக் கிளம்பினார்கள். 15 டாலர் கொடுத்தால் உங்கள் பெயர் பொறித்த செங்கல் சதுக்கத்தில் பதிக்கப்படும். பல்லாயிரம் பேர் வாங்கினார்கள். பணம் சேர்ந்தது ஒரு பக்கம். இத்தனை பேர் காசு கொடுத்துவிட்ட பிறகு, திட்டத்தைக் கைவிடுவது யாருக்கும் சுலபமாக இல்லை. 1984 ஏப்ரல் 6-ம் தேதி சதுக்கம் திறக்கப்பட்டது.

வளைந்து இறங்கும் படிக்கட்டுகள்தான் இங்கே இருக்கைகள். உட்கார டிக்கெட் கிடையாது, காபி வாங்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. பழைய ஹோட்டலின் இரும்புக் கதவை இன்றும் ஓர் ஓரத்தில் பார்க்கலாம். ரயில் சதுக்கத்தின் பக்கத்திலேயே நிற்கும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் மதியம் 12 மணிக்கு அங்கே இருப்பதுபோலத் திட்டமிடுங்கள். 1988-ல் நிறுவப்பட்ட 'வெதர் மெஷின்' என்ற உயரமான தூணிலிருந்து எக்காளம் ஒலிக்கும். வெயில் என்றால் சூரியன், தூறல் என்றால் நாரை, புயல் என்றால் டிராகன் தலைகாட்டும். மழைக்குப் பேர்போன ஊர் என்பதால், நாரைக்கு வேலை அதிகம். கையில் குடை இருக்கட்டும்!