ஹோயல் வீட்டுப் பின்வளவு

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு என் மூத்த மகன் என்னிடம் ஒரு விண்ணப்பம் செய்தான். தானும் தன் ஒன்றுவிட்ட சகோதரர்களும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் கழகம் ஒன்றை அமைக்கப் போவதாகவும், குடும்பப் பெரியவர் ஒருவர் தலைவராக இருந்தால் மற்ற வீடுகளில் மறுப்பு எழாது என்றும், அத்தலைவர் நானே என்றும் கூறினான். எங்கள் வீட்டில் இருப்பது என் பழைய ஹொண்டா ஒன்று. கல்லூரிக்கும் சந்தைக்கும் அன்றி அது வேறு வழி அறியாது. நான் மறுமொழி சொல்லாமல் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

காரணம் இருந்தது. சில ஆண்டுகளின் முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவனை ஏ-9 வீதியில் நிகழ்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் இழந்தோம். முன் வாங்கில் இருந்து ஓயாமல் கேள்வி கேட்பவன். அவன் வீட்டு முற்றத்தில், அவனுடைய தந்தையாரின் கையைப் பற்றியபடி நின்றபோது, என் பிள்ளையை இந்த வாகனத்தில் ஏற விடமாட்டேன் என்று மனத்துள் சபதம் செய்துகொண்டேன். சபதம் செய்வது எளிது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்வதுதான் அரிது.

ஆசிரியனாய்ப் பிறந்தவனுக்கு வெறும் மறுப்பு போதாது, மேற்கோள் வேண்டும். ஆகவே இக்கழகங்களின் சரித்திரத்தைப் படித்து, அவற்றின் கேடுகளைத் தொகுத்து மகன் முன் வைப்போம் என்று எண்ணினேன். தொடக்கத்தில் எல்லாம் எனக்குச் சாதகமாகவே இருந்தன. 1947இல் கலிபோர்னியாவின் ஹொலிஸ்டர் நகரில் கூடிய ஓட்டுநர்கள் செய்த அமளி, அதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய விதம், 1953இல் மார்லன் பிராண்டோ நடித்து வெளிவந்த படம், அதன்பின் மோட்டார் சைக்கிள் கழகம் என்றாலே முரடர் கூட்டம் என்று உலகம் நினைத்தமை ஆகிய யாவும் கிடைத்தன. குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அதன் பின்னரே ஹோயல் தம்பதியரைச் சந்தித்தேன்.

அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்தில், கருங்குன்றுகள் எனப்படும் மலைத்தொடரின் ஓரத்தில் ஸ்டேர்ஜிஸ் என்றொரு சிற்றூர் உண்டு. இன்றும் அதன் குடிசனம் ஏறக்குறைய 7,000 பேர்தான். அங்கே வாழ்ந்தவர் கிளாரன்ஸ் ஹோயல். ‘அப்பா’ என்று பொருள்படும் ‘பாப்பி’ என்ற செல்லப் பெயரே அவருக்கு ஊரில் நிலைத்தது. அவர் குடும்பத்தின் தொழில் ஐஸ் விற்பது. மின்சாரக் குளிர்ப்பெட்டி வந்து வீடுகளில் குடியேறவே, ஐஸ்கட்டிக்கு மதிப்புக் குறைந்தது. 1936இல் ‘இந்தியன்’ என்னும் மோட்டார் சைக்கிள்களை விற்கும் உரிமையைப் பெற்றார்; அதே ஆண்டில் அயலவர் சிலரைச் சேர்த்து ‘ஜாக்பைன் ஜிப்சீஸ்’ என்ற கழகத்தையும் தொடங்கினார். கடைக்காரருக்குக் கழகத்தால் ஆதாயம் உண்டு என்பது உண்மைதான். அதை நான் குற்றமாகக் காணவில்லை. புத்தகக் கடைக்காரர் வாசகர் வட்டம் நடத்துவதில்லையா?

1938 ஓகஸ்ட் 14ஆம் திகதி கழகத்தார் தம் முதலாவது பந்தயத்தை நடத்தினர். ஓடியவர்கள் ஒன்பது பேர். பார்க்க வந்தவர்களும் சிறு கூட்டமே. மண் தரையில் அமைந்த வட்டப் பாதையில் இடப்பக்கம் இடப்பக்கமாகவே திரும்பி ஓட்டும் பந்தயம் அது. திருப்பத்தில் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். ஓட்டுபவர் இரும்புத் தகடு கட்டிய இடக்காலை நிலத்தில் இழுத்தபடி சமநிலை காப்பார். இந்த வர்ணனையை மகனுக்கு வாசித்துக் காட்டும் பிழையை நான் செய்யவில்லை.

ஆனால் என் மனம் சென்றது பந்தயத்தின் பக்கம் அன்று. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் ஹோயல் வீட்டுப் பின்வளவில் கூடாரம் அடித்துத் தங்கினர். அவர்களுக்கு உணவளித்தவர் ஹோயலின் மனைவி பேர்ல். உருளைக்கிழங்குச் சாலட்டும், கொத்திறைச்சி வைத்த பாணும், வத்தகப்பழமும் அந்த அம்மையாரின் கையால் பரிமாறப்பட்டன. மறுபுறம் கணவர் விருந்தினரை அழைத்துக்கொண்டு கருங்குன்றுகளைச் சுற்றிக் காட்டினார். பந்தயத்தை நிறுத்தினாலும் அவ்விழா நிலைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அடுத்த ஆண்டே அழிந்திருக்கும் என்பது என் துணிபு. கழகம் கணவருடையது என்று ஏடுகள் கூறுகின்றன. ‘ஸ்டேர்ஜிஸின் முதற்பெண்மணி’ என்று மனைவியை ஊரார் அழைத்ததையும், நல்ல வேளையாக, அவை கூற மறக்கவில்லை.

1942இல் விழா நடைபெறவில்லை. உலகப் போரின் காரணமாக அங்கே பெற்றோல் பங்கீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஒரு வரியை வாசித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். பெற்றோல் இல்லாத காலத்தை எங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லையே. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு, உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் என் தந்தையார். வெண்புகை ஒழுங்கை முழுவதும் பரவும். அந்தப் புகையோடு வந்து இறங்கும் அவருடைய நண்பர்களுக்கு என் தாயார் பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளத் தந்து தேநீர் கொடுப்பார். சீனி கிடைக்காது. எத்தனை பேர் வருவர் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லும் வழக்கமும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது நான் வரிசையில் நின்றேன். அந்தத் தேநீரை நினைத்துக்கொண்டே நின்றேன்.

ஸ்டேர்ஜிஸ் விழா பின்னர் பெருகிய கதை யாவரும் அறிந்தது. 2015இல், 75ஆவது விழாவுக்கு, ஏறக்குறைய 739,000 பேர் வந்தனர் என்பது அரசாங்க மதிப்பீடு. பாப்பி 1989இலும் பேர்ல் 2005இலும் மறைந்தனர். இவ்வளர்ச்சியை நான் முழு மனத்தோடு போற்றமாட்டேன். அவ்வூருக்கு அண்மையில் கரடிக்குன்று ஒன்று உண்டு; லக்கோட்டா மக்கள் அதை ‘மாத்தோ பாஹா’ என்பர். அவர்களுக்கும் ஷையன் மக்களுக்கும் அது திருத்தலம். நம்மூர்க் கோயில் மரங்களில் நேர்த்திக்காகச் சீலைத் துண்டு கட்டுவது போல, அங்கும் மரக்கிளைகளில் வண்ணத் துணிகளைக் கட்டி வேண்டுதல் செய்கிறார்கள். அக்குன்றின் அருகே மதுச்சாலைகள் எழுந்தபோது, 2006இல் அம்மக்கள் திரண்டு எதிர்த்தனர். ‘இந்தியன்’ என்று பெயர் வைத்ததும், வண்டியில் அவர்கள் தலையைப் பொறித்து விற்றதும் யாரைக் குறித்து என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களும் ஒருவாறு பயனற்றுப் போயின. தலைக்கவசம் கட்டாயம், இருட்டுமுன் திரும்புதல், முந்தும் போட்டி இல்லை, வழியிற் கோயில் இருந்தால் வேகத்தையும் சத்தத்தையும் குறைத்தல் என நான்கு நிபந்தனைகள் எழுதி மகனிடம் கொடுத்தேன். தலைவர் பதவியையும் ஏற்றேன். செய்தி கேட்ட என் மனைவி, “இஞ்சாருங்கோ, எத்தனை பிள்ளையள் வருவினம்? பொதி கட்டவேணும்” என்றாள். கழகத்தின் பதவிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அதைக் கண்டவனும் நான் ஒருவனே.

முதற் பயணம் சங்குப்பிட்டிப் பாலம் வழியாகத் திருக்கேதீச்சரத்துக்கு. விடியுமுன் ஏழு வண்டிகள் புறப்பட்டன; ஏழு இடியப்பப் பொதிகளும் போயின. மாலையில் படலையில் நின்றேன். இருள் கவியும் வேளையில் ஒழுங்கை முகப்பில் விளக்குகள் தெரிந்தன. எண்ணினேன், ஐந்து. என் மகன் அவற்றுள் இல்லை. ஒருவனுடைய சில்லுக்குக் காற்றுப் போய்விட்டதாகவும், அவனோடு இவன் நின்றுவிட்டதாகவும் வந்தவர்கள் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்து மற்ற இரண்டு விளக்குகளும் வந்தன. இறங்கியவன் என் முகத்தைப் பார்த்து, “ஒருத்தனை விட்டிட்டு வரேலாது தானே அப்பா” என்றான். உள்ளே என் மனைவி தேநீருக்கு மறுபடியும் தண்ணீர் வைத்தாள்.